குரங்குக் கூட்டம் எப்படி முடிவெடுக்கிறது? நாம் எப்படி முடிவெடுக்கப் போகிறோம்?

(வடக்கனந்தலில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் உழவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் துறையில் பணியாற்றும் நான், விதையளவு, இடைவெளி, உரம், களை இவற்றைப் பற்றித்தான் உங்களிடம் பேசுவது வழக்கம். இன்று குரங்கைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணம் உங்களில் ஒருவர்தான். சென்ற முறை மக்காச்சோளத்திற்கு மேலுரம் இடுவது பற்றி நான் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, நீங்கள் சொல்கிறபடியே மேலுரம் போடுகிறேன். கதிரும் நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் அந்தக் கதிர் யாருக்கு? எனக்கா, மலையிலிருந்து இறங்கி வரும் கூட்டத்திற்கா?" என்று கேட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சென்றேன். அப்படிப் படித்ததையும், கல்வராயன் மலையடிவாரக் கொல்லைகளில் நேரில் பார்த்ததையும் சேர்த்து இன்று சொல்கிறேன்.

எதிரியின் பலம் தெரியாமல் காவலுக்குப் போவதில் பயனில்லை. புழுவை அழிக்க அதன் வாழ்க்கைப் பருவத்தை முதலில் படிக்கிறோம். முட்டை எங்கே இடுகிறது, எப்போது கூட்டுப்புழுவாகிறது என்று தெரிந்தால்தான் எப்போது மருந்து தெளிப்பது என்பது தெரியும். குரங்குக்கும் அப்படித்தான். ஆனால் குரங்கின் விஷயத்தில் நாம் படிக்க வேண்டியது ஒரு தனி விலங்கின் வாழ்க்கையை அல்ல. ஒரு கூட்டத்தின் வாழ்க்கையை. ஏனென்றால் உங்கள் கொல்லைக்குள் நுழைவது ஒரு குரங்கு அல்ல. ஒரு முடிவெடுத்துவிட்ட கூட்டம்.

நம் ஊர்க் குரங்கு

நம் பக்கத்தில் உள்ளது நாட்டுக் குரங்கு. தலையுச்சியில் மயிர் சுழித்து, குல்லாய் வைத்தது போல் இருப்பதால் இதனைக் குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வார்கள். உடலைவிட வால் நீளமானது. இந்தக் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறு எங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அந்த வகையில் இதுவும் நம்மைப் போல இந்த மண்ணுக்கே உரியது.

ஒரு கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு குரங்குகளும் இருக்கலாம். ஐம்பது அறுபதும் இருக்கலாம். கூட்டத்தைப் பார்த்தவுடன் நம் கண்ணில் படுவது பெரிய கடுவன்தான். அதுவே தலைவன், அது சொல்வதுதான் சட்டம் என்று நினைக்கிறோம். இது பாதி உண்மைதான். கூட்டத்தின் முதுகெலும்பு மந்திகளே. மந்தி பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து, அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே சாகிறது. தாய், மகள், பேத்தி, சகோதரிகள் என்று பெண்வழிக் குடும்பங்கள் பல சேர்ந்ததுதான் ஒரு கூட்டம். தாய்க்குக் கூட்டத்தில் என்ன மரியாதையோ, அதையொட்டியே மகளின் மரியாதையும் அமைகிறது. கடுவன்களோ பருவம் வந்த பின் பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்திற்குச் சென்றுவிடுகின்றன.

ஆகவே எந்த மரத்தில் எப்போது பழம் பழுக்கும், எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்தக் கொல்லையில் காவல் இல்லை என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருப்பவை வயதான மந்திகள். பெரிய கடுவனைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் கூட்டம் வராது என்று சிலர் எண்ணுகிறார்கள். கடுவன் போனால் இன்னொரு கடுவன் வரும். வழி தெரிந்த மந்திகள் அங்கேயே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாட்டுக் குரங்கின் கன்னத்தில் இரு பக்கமும் பை உண்டு. அது கொல்லையில் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்பதில்லை. சில நிமிடங்களில் கன்னப்பையை நிரப்பிக்கொண்டு மரத்தின் மேலேறி, பிறகு மென்று தின்னும். நீங்கள் கஞ்சி குடிக்கப் போய்த் திரும்பும் நேரம் அதற்குப் போதும். காவலில் ஐந்து நிமிட இடைவெளி விட்டாலும் அது முழு இடைவெளிதான்.

கூட்டம் முடிவெடுக்கும் விதம்

குரங்குகளுக்குப் பேச்சு இல்லை. அப்படியிருக்க, நாற்பது குரங்குகள் இன்று கிழக்கே போவதா மேற்கே போவதா என்று எப்படி முடிவு செய்கின்றன? இதைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பொறுமையாகக் கவனித்திருக்கிறார்கள்.

ஹான்ஸ் கும்மர் என்ற ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் 1960களில் எத்தியோப்பியாவில் ஹமத்ரியா என்னும் பபூன் குரங்குகளை ஆராய்ந்தார். அவை இரவில் செங்குத்தான பாறைகளில் தூங்குபவை. காலையில் எழுந்தவுடன் அவை புறப்பட்டுவிடுவதில்லை. ஒரு கடுவன் சிறிது தூரம் ஒரு திசையில் நகர்ந்து உட்காரும். சில அதன் பின்னால் நகரும். வேறொன்று வேறு திசையில் நகரும். ஆதரவு கிடைக்காதது திரும்பி வரும். இப்படிக் கூட்டத்தின் விளிம்பு இங்கும் அங்கும் நீண்டு சுருங்கி, கடைசியில் ஒரு திசை உறுதியானதும் அனைத்தும் எழுந்து நடக்கும். நம் ஊரில் ஆலமரத்தடியில் ஆளுக்கொரு பேச்சுப் பேசி, பிறகு ஒரு பேச்சுக்கு வருவது போலத்தான் இதுவும்.

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் செட்ரிக் சூர், ஓடில் பெட்டி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் டோங்கியன் என்னும் இந்தோனேசியக் குரங்கினத்தையும், வடஇந்தியாவில் மிகுதியாக உள்ள ரீசஸ் குரங்கினத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டோங்கியன் குரங்குகளில் புறப்பட விரும்பும் குரங்கு சில அடிகள் நடந்து நின்று திரும்பிப் பார்க்கிறது. மற்றவை தமக்குப் பிடித்த திசையில் நகர்ந்து நிற்கின்றன. எந்தப் பக்கம் அதிகம் பேர் சேருகிறார்களோ அந்தப் பக்கம் கூட்டம் போகிறது. இது ஒருவகை ஓட்டெடுப்பு. ரீசஸ் குரங்குகளிலோ உயர்ந்த இடத்தில் உள்ளவற்றுக்கும் அவற்றின் உறவினருக்கும் செல்வாக்கு அதிகம். மக்காக் எனப்படும் இக்குரங்கு இனங்களைச் சகிப்புத்தன்மையைக் கொண்டு பெர்னார்ட் தியரி என்ற அறிஞர் நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார். கடுமையான அதிகாரம் உள்ள முதற்படியில் ரீசஸ் இருக்கிறது. இணக்கம் மிகுந்த நான்காம் படியில் டோங்கியன் இருக்கிறது. நம் நாட்டுக் குரங்கை அவர் மூன்றாம் படியில் வைத்திருக்கிறார். அதாவது நம்முடையது ஓரளவு விட்டுக்கொடுத்து வாழும் கூட்டம்.

இதையெல்லாம்விடத் துல்லியமான ஆராய்ச்சி ஒன்று கென்யா நாட்டில் ம்பாலா என்ற இடத்தில் நடந்தது. அதன் முடிவுகள் 2015 ஆம் ஆண்டு வெளியாயின. ஒரே பபூன் கூட்டத்தைச் சேர்ந்த 25 குரங்குகளின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டி, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்பதை நொடிக்கு ஒருமுறை பதிவு செய்தார்கள். அதில் தெரிந்தவை மூன்று.

முதலாவது, பெரிய கடுவன் நகர்ந்தால்தான் மற்றவை தொடரும் என்பதில்லை. எந்தக் குரங்கும் முதலடி எடுத்து வைக்கலாம். பின்தொடர ஆள் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இரண்டாவது, முதலடி எடுத்து வைப்பவை ஒரே திசையில் ஒன்றுபட்டு நகர்ந்தால் மற்றவை நம்பித் தொடர்கின்றன. மூன்றாவது, இரு பிரிவினர் இரு திசையில் இழுக்கும்போது, இரண்டு திசைகளுக்கும் இடையே வித்தியாசம் குறைவாக இருந்தால் மற்றவை நடுவழியில் செல்கின்றன. வித்தியாசம் ஏறக்குறைய செங்கோணத்திற்கு மேல் போனால் நடுவழி கிடையாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலும் ஆள் அதிகமுள்ள பக்கத்தையே தேர்ந்தெடுக்கின்றன.

எல்லாக் கூட்டத்திலும் நியாயம் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நமீபியா நாட்டில் பபூன் கூட்டங்களுக்கு ஆராய்ச்சிக்காக ஒரே இடத்தில் உணவு வைத்தார்கள். அங்கே போனால் பெரிய கடுவனுக்கு வயிறு நிறைய உணவு கிடைக்கும். மற்றவற்றுக்குச் சரியாகக் கிடைக்காது. அப்படியிருந்தும் பெரிய கடுவன் அங்கே நடந்தபோது, அதனோடு நெருங்கிப் பழகியவை முதலில் தொடர, கூட்டம் முழுவதும் பின்னால் போயிற்று. 2008 ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி இது. பலனில்லை என்று தெரிந்தும் பெரியவர் பின்னால் போகும் பழக்கம் எந்த உயிரினத்தில் உண்டு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொல்லை ஓரத்தில் பார்த்தது

மலைச்சரிவு முடிந்து கொல்லை தொடங்கும் இடத்தில் காலை ஏழு மணிக்குமுன் போய் உட்கார்ந்து பாருங்கள். குரங்குகள் பகல் விலங்குகள். இரவில் மரங்களிலும் பாறைகளிலும் தூங்குபவை. விடிந்ததும் காட்டோரத்து மரங்களுக்கு வந்து சேரும். வந்தவுடன் கொல்லைக்குள் குதித்துவிடா. நான் பார்த்த நாளில், ஒரு குட்டி பேன் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கடுவன்கள் அருகருகே உட்கார்ந்து கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தன. கால் மணி நேரத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஓர் இளம் கடுவன் மரத்திலிருந்து இறங்கி, வரப்பு வரை வந்து, திரும்பிப் பார்த்தது. எதுவும் பின்தொடரவில்லை. அது திரும்பிப் போயிற்று. சிறிது நேரத்திற்குப் பின் குட்டியைச் சுமந்த ஒரு மந்தி இறங்கியது. அதன் பின்னால் இன்னொரு மந்தி. அவ்வளவுதான், மரம் முழுவதும் காலியாயிற்று. அதன்பின் தகரம் தட்டிக்கொண்டு ஓடி வந்தவருக்கு ஐம்பது அறுபது தட்டைகள் ஒடிந்து கிடந்ததுதான் மிச்சம்.

இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. கூட்டம் முடிவெடுக்கும் நேரம் ஒன்று உண்டு. அது காட்டோர மரத்திலிருந்து வரப்பு வரை உள்ள தூரத்தில் நடக்கிறது. முதலில் இறங்கும் ஒன்றிரண்டைத் திருப்பிவிட்டால் மற்றவை தொடர்வது அரிது. நாற்பதும் கொல்லைக்குள் வந்தபின் விரட்டினால் அவை ஓடும். ஆனால் கன்னப்பை நிறைந்து ஓடும். எனவே காவல்காரர் நிற்க வேண்டிய இடம் வீட்டுத் திண்ணையோ, கொல்லை நடுவோ அல்ல. காட்டுக்கும் கொல்லைக்கும் இடைப்பட்ட ஓரம்.

விரட்டும்போதும் ஒரு முறை உண்டு. நாலாபுறமும் சூழ்ந்து விரட்டினால் கூட்டம் சிதறிப் பக்கத்துக் கொல்லைக்குள் புகும். காட்டுப் பக்கம் வழி திறந்து வைத்து, மூன்று பக்கத்திலிருந்தும் அந்த வழியாகவே திருப்ப வேண்டும். இதற்கு ஒருவர் போதாது. நம் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

நாம் முடிவெடுக்கும் விதம்

உண்மையைச் சொன்னால் வருத்தப்படக் கூடாது. நாம் என்ன செய்கிறோம்? அவரவர் கொல்லையை அவரவர் காக்கிறோம். என் கொல்லையிலிருந்து விரட்டினால் குரங்கு உங்கள் கொல்லைக்கு வருகிறது. உங்கள் கொல்லையிலிருந்து விரட்டினால் அடுத்தவர் கொல்லைக்குப் போகிறது. "வேண்டுமென்றே என் பக்கம் விரட்டினான்" என்று பேச்சு வளர்ந்து, பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்று போன குடும்பங்களை நான் அறிவேன். குரங்கு ஒன்றாக வருகிறது. நாம் தனித்தனியாக நிற்கிறோம். ஜெயிப்பது யார் என்பதில் சந்தேகம் என்ன?

இதில் அதிகம் நஷ்டப்படுபவர் யார்? காட்டோரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்தான். அவர் கொல்லை மற்ற எல்லாக் கொல்லைகளுக்கும் வேலி போல நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் அவருக்குக் காவலுக்கு ஆள் தருவதில்லை. இரண்டு வருடம் பொறுத்துப் பார்ப்பார். மூன்றாம் வருடம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வேலைக்கு வெளியூர் போய்விடுவார். அந்த நிலத்தில் சீமைக் கருவேல் முளைக்கும். அதற்கடுத்த வருடம் காட்டோரக் கொல்லை என்பது அடுத்தவருடையதாகிவிடும். இப்படியே ஊர் உள்நோக்கிச் சுருங்கும். எனவே ஓரத்தில் இருப்பவரைக் காப்பது தர்மம் மட்டுமல்ல; நம் கொல்லையைக் காப்பதும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மக்காச்சோளத்தில் குரங்கு சேதம் செய்யும் காலம் இரண்டு. விதைத்ததிலிருந்து முளைத்து வேரூன்றும் வரை ஒரு வாரம், பத்து நாட்கள். அப்போது விதையைக் கிளறித் தின்னும். அடுத்தது, கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து முற்றும் வரை ஏறக்குறைய ஒரு மாதம். இடைப்பட்ட நாட்களில் கடுங்காவல் தேவையில்லை. மணிலாவிலும் விதைத்த முதல் பத்து நாட்களும், காய் முற்றும் கடைசி மாதமும்தான் முக்கியம். மரவள்ளியில் கிழங்கு பருத்த பின்னர் கவனம் தேவை.

அடுத்தடுத்து நிலமுள்ள பத்துக் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். கதிர் பால் பிடித்த 30 நாட்களும் ஒவ்வொரு குடும்பமும் தினம் ஓர் ஆளைக் காவலுக்கு அனுப்பினால், மொத்தம் 300 ஆள் நாட்கள். ஒரு குடும்பத்திற்கு 30 ஆள் நாட்கள். அப்படியும் கொல்லை காப்பாற்றப்படவில்லை என்பது உங்கள் அனுபவம். அதே பத்துக் குடும்பங்களும் சேர்ந்து, காட்டோரத்தில் மூன்று பரண் போட்டு, தினம் மூன்று பேர் முறை வைத்துக் காத்தால், 30 நாட்களுக்கு 90 ஆள் நாட்கள்தான். ஒரு குடும்பத்திற்கு 9 நாட்கள். மீதி 21 நாட்களில் வேறு வேலைக்குப் போகலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் காவலுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உரச் செலவில் மிச்சம் பிடிக்க எத்தனையோ வழி சொல்லியிருக்கிறேன். இந்த அளவுக்கு மிச்சம் தரும் யோசனை எதையும் நான் சொன்னதில்லை.

இது நடக்க வேண்டுமானால் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில், முன்பின் வயதில்லாத இரகத்தை விதைக்க வேண்டும். ஒருவர் ஆடியிலும் இன்னொருவர் புரட்டாசியிலும் விதைத்தால் காவல் மாதம் மூன்று மாதமாக நீளும். தனித்து முன்னால் முதிரும் கொல்லைக்கு ஊர்க் குரங்கு முழுவதும் வரும்.

செய்யக் கூடாதவை

நாட்டுக் குரங்கு 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. விஷம் வைப்பது, சுடுவது, அனுமதியின்றிப் பிடிப்பது எல்லாம் குற்றம். மின்கம்பியில் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவதை மறந்தும் செய்யாதீர்கள். அதில் சாவது பெரும்பாலும் குரங்கல்ல. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அடுத்த கொல்லைக்காரர்.

பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். பெண்வழிக் குடும்பமாக வாழும் கூட்டத்தில் பாதியைப் பிடித்தால் மீதி இங்கேயே இருக்கும். கொண்டுபோய் விடப்பட்டவை அந்தக் காட்டில் எங்கே பழம், எங்கே தண்ணீர் என்று அறியாதவை. அவை தெரிந்து வைத்திருப்பது மனிதர் பயிரை மட்டுமே. அருகிலுள்ள ஊரைத் தேடி வரும். நம் தொல்லையை இன்னொரு விவசாயியின் தலையில் கட்டுவதுதான் இது. நம் தலையில் பிறர் கட்டியதும் இதில் இருக்கலாம்.

குரங்கு பெருகிவிட்டது என்று நாம் சொல்கிறோம். உலக அளவில் கணக்கெடுத்தவர்கள் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020 ஆம் ஆண்டு நாட்டுக் குரங்கை அழியக்கூடிய நிலையை எட்டும் இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கம் சாலையோரக் குரங்குகளை நீண்டகாலம் கணக்கெடுத்த மேவா சிங் முதலிய ஆராய்ச்சியாளர்கள், அவை கடுமையாகக் குறைந்துவிட்டன என்று 2011 ஆம் ஆண்டு எழுதினார்கள். சாலையோர ஆலமரங்கள் வெட்டப்பட்டது ஒரு முக்கியக் காரணம். குரங்கு பெருகவில்லை, இடம் மாறியிருக்கிறது. காட்டிலும் சாலையோரத்திலும் இருந்தது நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

அதை வரவழைப்பதில் நமக்கும் பங்குண்டு. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகும் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி வாழைப்பழமும் பிஸ்கட்டும் போடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். ஆஞ்சநேயரிடம் உள்ள பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய குரங்குக்கு மனிதரிடம் பயம் போய்விடும். பந்திப்பூரில் அனிந்திய சின்ஹா குழுவினர், குரங்குகள் மனிதரைப் பார்த்து ஒருவிதக் குரல் எழுப்பிக் கையை நீட்டி உணவு கேட்பதைக் கவனித்து 2018 ஆம் ஆண்டு எழுதியிருக்கிறார்கள். காட்டில் யாரிடமும் கைநீட்டாத விலங்குக்குப் பிச்சையெடுக்கப் பழக்கியது நாம்தான். இலையில் மீந்ததைத் தெருவோரம் கொட்டுவதும் இதே பலனைத்தான் தரும்.

குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

யார் கூட்டத்திற்கு வர வேண்டும்?

ஜப்பான் நாட்டில் கோஷிமா என்ற சிறு தீவு இருக்கிறது. அங்குள்ள குரங்குகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு வந்தார்கள். 1953 ஆம் ஆண்டு ஒன்றரை வயதுக் குட்டி மந்தி ஒன்று, மண் ஒட்டிய கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்றது. அதற்கு ஈமோ என்று பெயரிட்டிருந்தார்கள். இந்தப் பழக்கத்தை முதலில் கற்றுக்கொண்டவை அதன் விளையாட்டுத் தோழர்களும் தாயும்தான். பிறகு உடன்பிறந்தவை, மற்ற இளங்குரங்குகள் என்று பரவியது. வயது வந்த கடுவன்களில் பெரும்பாலானவை கடைசி வரை மண்ணோடுதான் தின்றன.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. காவல் பற்றிப் பேச நாம் கூடும்போது வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொல்லையில் களையெடுத்துக்கொண்டு, பகலெல்லாம் குரங்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பெண்கள். எந்த மரத்தில் வந்து உட்காரும், எந்த மந்தி முதலில் இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள் இல்லாத கூட்டத்தில் எடுக்கும் முடிவு, வழி தெரியாதவன் பின்னால் நடப்பது போலாகும். இளைஞர்களும் வர வேண்டும். பெரிய கிணறு வைத்திருப்பவர் சொல்வதே முடிவு என்றிருந்தால் நமீபியாவில் நடந்ததுதான் நம் ஊரிலும் நடக்கும்.

யாருக்கு எந்த நாள் முறை என்பதில் தகராறு வந்தால் சீட்டுக் குலுக்குங்கள். இது புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், 30 குடும்புகளாகப் பிரித்துப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அன்று அது நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இன்று நம் குடத்தில் எல்லார் ஓலையும் இருக்கட்டும். அரை ஏக்கர்காரர் ஓலையும், கணவனை இழந்து தனியே பயிர் செய்யும் தாய்மாரின் ஓலையும் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

1. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே, அடுத்தடுத்த நிலக்காரர்கள் கூடி, விதைக்கும் வாரத்தையும் இரகத்தையும் முடிவு செய்யுங்கள்.

2. காட்டோர மரங்களுக்கும் முதல் வரப்புக்கும் இடையே பார்வை மறைக்கும் புதரை, உங்கள் பட்டா நிலத்தில் மட்டும், அகற்றுங்கள். குரங்கு திறந்த வெளியைக் கடக்கத் தயங்கும். காவல்காரர் கண்ணிலும் முன்கூட்டியே படும்.

3. வசதியுள்ள இடத்தில் காட்டோர வரிசையில் மஞ்சள், மிளகாய், ஆமணக்கு போன்ற, குரங்கு அதிகம் நாடாத பயிர்களைப் போட்டு, மக்காச்சோளத்தையும் மணிலாவையும் உள்ளே தள்ளுங்கள். ஓரத்து நிலக்காரருக்கு இதனால் வருமானம் குறைந்தால், உள்ளே இருப்பவர்கள் காவல் முறையில் அவருக்குச் சலுகை கொடுங்கள்.

4. விடியற்காலை முதல் காவல் தொடங்க வேண்டும். காலையும் மாலையும் கூடுதல் கவனம் தேவை. ஒருவர் உணவுக்குப் போனால் மற்றவர் இடத்தை விட்டு நகரக் கூடாது.

5. பொம்மை, தகரம், பளபளக்கும் நாடா எதுவானாலும் ஒரே இடத்தில் வைத்தால் சில நாட்களில் குரங்கு பழகிவிடும். இடத்தையும் பொருளையும் மாற்றிக்கொண்டே இருங்கள். முதுமலையில் உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்டு காஸும், சிறுத்தைப் பொம்மையைக் காட்டி நாட்டுக் குரங்குகளைச் சோதித்தபோது, புள்ளி போட்ட தோலைக் கண்டு அவை அலறி ஓடின. அதைக் கேட்டுப் புள்ளிப் பொம்மை வாங்கி வைத்து, காவலை நிறுத்திவிடாதீர்கள். அசையாத சிறுத்தை எத்தனை நாளைக்குச் சிறுத்தையாக இருக்கும்?

6. சேதம் நடந்தால் அன்றைக்கே தேதி, நேரம், சர்வே எண், சேதமான பரப்பு ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். வனச்சரக அலுவலகத்திற்கும் வேளாண்மை விரிவாக்க மையத்திற்கும் பத்துப் பேரும் சேர்ந்து எழுத்து மூலம் தெரிவியுங்கள். பத்துப் பேர் கையொப்பமிட்ட மனுவுக்கு ஒருவர் வாய்ப்பேச்சைவிட எடை அதிகம்.

இவ்வளவும் செய்தால் சேதமே இராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. குறையும். அதைவிட முக்கியமாக, குரங்கின் பேரால் நமக்குள் வளர்ந்த பகை குறையும்.

அன்று கேள்வி கேட்ட பெரியவருக்கு இப்போது என் பதில் இதுதான். ஐயா, கதிர் யாருக்கு என்பதை மேலுரம் முடிவு செய்யாது. காட்டோர மரத்தில் உட்கார்ந்து, முதலில் யார் இறங்குவது, யார் தொடர்வது என்று ஒரு கூட்டம் தினமும் முடிவு செய்கிறது. நாமும் வருடத்தில் ஒரு நாளாவது ஒரு மரத்தடியில் கூடி முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்திற்கு முதலில் எழுந்து வருபவராக நீங்கள் இருங்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் இரண்டு பேர் வருவார்கள். மற்றவர்கள் தாமாகத் தொடர்வார்கள்.